குழந்தையின் வயிற்றோட்டத்துக்குக் காரணமான வைரசின் மரபணு வகையை அறிவது எப்படி: மலையகத் தோட்டங்களில் மாதிரி எடுப்போருக்கான வழிகாட்டி

மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பிராவில் (குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில்) ஒரு குழந்தையின் மலமாதிரியைக் கேட்டு நின்றபோது, மதிய நிறுவைக்குக் கொழுந்தைக் கொடுத்துவிட்டு ஓடி வந்திருந்த அதன் தாய் என்னிடம், “இந்தக் கிருமியோட பேரு தெரிஞ்சா புள்ளைக்குச் சொகமாகிருமா தம்பி?” என்று கேட்டார். ஆகாது என்பதுதான் உண்மையான விடை. அதையே அவரிடம் சொன்னேன். வைரசால் வரும் வயிற்றோட்டத்துக்கு, அது எந்த வைரசாக, எந்த வகையாக இருந்தாலும், உடல் இழந்த நீரையும் உப்பையும் திரும்பக் கொடுப்பதே முதன்மையான சிகிச்சை. வகையின் பெயர் ஆய்வுகூடத்திலிருந்து வந்து சேரும்போது அந்தக் குழந்தை பெரும்பாலும் குணமாகி விளையாடிக்கொண்டிருக்கும். எந்த வகைகள் இப்பகுதியில் உலவுகின்றன, தடுப்பு மருந்து கொடுத்தபின் அவை மாறுகின்றனவா, புதிய வகை ஏதேனும் நுழைந்திருக்கிறதா என்பவற்றை அறிந்து, இனிப் பிறக்கும் குழந்தைகளுக்காகத் திட்டமிடுவதற்கே அப்பெயர் பயன்படுகிறது. தனக்கு நேரடிப் பயன் இல்லாத ஒன்றை அந்தக் குடும்பம் நம்பிக்கையோடு நம்மிடம் தருகிறது. அதைக் கவனக்குறைவால் பாழாக்க நமக்கு உரிமை இல்லை.

இவ்வழிகாட்டியைத் தோட்ட வைத்திய உதவியாளர்கள், மருத்துவ மாதர்கள், பிள்ளைக் காம்பிராப் பொறுப்பாளர்கள், இத்துறையில் ஆய்வு செய்ய வரும் மலையக மாணவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். மாதிரி எடுக்கும் எந்த வேலையும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் அறிவோடும், ஆய்வாக இருந்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதியோடும், பெற்றோரின் சம்மதத்தோடும் மட்டுமே நடைபெற வேண்டும்.

முதலில் குழந்தையைக் கவனியுங்கள்

24 மணி நேரத்தில் மூன்று தடவையோ அதற்கு மேலோ மலம் நீராகப் போனால் அதை வயிற்றோட்டம் என்கிறோம். 14 நாளுக்குள் நின்றுவிடுவது குறுங்கால வயிற்றோட்டம். மாதிரிக் குப்பியைத் திறப்பதற்கு முன் குழந்தையின் கண்களைப் பாருங்கள். கண் குழிவிழுந்திருந்தால், அழும்போது கண்ணீர் வராவிட்டால், வெகுநேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், குடிக்க முடியாமல் சோர்ந்து கிடந்தால், அல்லது மலத்தில் இரத்தம் காணப்பட்டால், மாதிரியை மறந்து குழந்தையை வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். இரத்தம் கலந்த மலம் பெரும்பாலும் வைரசின் வேலையன்று. அதற்கு வேறு சிகிச்சை வேண்டியிருக்கும்.

மற்றக் குழந்தைகளுக்கு ஜீவனிப் பொதியை (வாய்வழி நீரேற்றும் உப்புக் கலவையை), அதில் குறித்துள்ள அளவு கொதித்தாறிய நீரில் முழுமையாகக் கரைத்து, ஒவ்வொரு தடவை மலம் போன பின்னும் இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு 50 முதல் 100 மில்லிலீற்றர் வரையும், அதற்கு மேற்பட்டவர்களுக்கு 100 முதல் 200 மில்லிலீற்றர் வரையும் சிறுகச் சிறுகக் கொடுக்க வேண்டும். கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. சீனி போட்ட வெறுந்தேநீரைக் கொடுத்தே சமாளிக்கும் வழக்கம் லயங்களில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) இன்னும் இருக்கிறது. அதில் குழந்தை இழந்த உப்பு இல்லை என்பதையும், அதிகச் சீனி வயிற்றோட்டத்தைக் கூட்டக்கூடும் என்பதையும் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே நீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுகிறது. ஆயினும் பீலித் தண்ணீரில் (மலையூற்று நீரில்) உள்ள வைரசுகளை அழிக்க அந்த வெப்பம் போதும். குமிழி நன்றாகப் பொங்கி எழும்வரை கொதிக்க விட வேண்டும் என்பதே முக்கியம்.

பெயர்களைப் படிக்கும் முறை

குழந்தைகளின் கடும் வயிற்றோட்டத்தில் நாம் முதலில் தேடுவது ரோட்டா வைரசை. 1973-இல் மெல்பேர்ண் நகரில் ரூத் பிஷப்பும் அவருடன் பணியாற்றியவர்களும் நோயுற்ற குழந்தைகளின் சிறுகுடல் இழையத்தில் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் மூலம் இதைக் கண்டார்கள். சக்கரம் போலத் தோன்றியதால், சக்கரத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே இதற்குப் பெயராயிற்று. வசதியான நாட்டுக் குழந்தைகளும் ஐந்து வயதுக்குள் ஒரு தடவையாவது இதன் தொற்றுக்கு ஆளாகிறார்கள். ஆகவே இந்த வைரஸ் கண்டறியப்பட்டது என்பதற்காக லயத்துத் தாய்மாரின் சுத்தத்தைக் குறைகூறுவது அறிவியலுக்கும் பொருந்தாது, நியாயத்துக்கும் பொருந்தாது.

ரோட்டா வைரசின் மரபுப் பொருள் ஈரிழை ஆர்.என்.ஏ, அது ஒரே நூலாக இல்லாமல் 11 துண்டுகளாக இருக்கிறது. வைரசின் வெளியுறையில் இரண்டு புரதங்கள் உள்ளன. வி.பி.7 என்பது சர்க்கரை இணைந்த கிளைக்கோ புரதம். அதன் மரபணுவைக் கொண்டு ‘ஜி’ வகை தீர்மானிக்கப்படுகிறது. வி.பி.4 என்பது புரோட்டியேஸ் நொதியத்தால் வெட்டப்படுவது. அதன் மரபணு ‘பி’ வகையைத் தருகிறது. இரண்டையும் சேர்த்து ஜி1பி[8], ஜி2பி[4] என்று எழுதுகிறோம். தோட்டத்தின் டிவிஷன் பெயரும் லய இலக்கமும் சேர்ந்தால்தான் ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க முடிவது போல, ஒரு பாதியை மட்டும் சொன்னால் வைரஸ் அடையாளமாகாது. பி-க்குப் பின்வரும் எண் சதுர அடைப்பில் வருவதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. பிறபொருளெதிரிகளை (கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதங்களை) கொண்டு முன்னர் வகுத்த பி எண்களும், பின்னர் மரபணுவைக் கொண்டு வகுத்த எண்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. குழப்பத்தைத் தவிர்க்க மரபணு எண்ணை அடைப்புக்குள் வைத்தார்கள். அறிக்கையைப் பிரதி செய்யும்போது அந்த அடைப்பை விட்டுவிடாதீர்கள்.

உலகெங்கும் குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படுபவை ஜி1பி[8], ஜி2பி[4], ஜி3பி[8], ஜி4பி[8], ஜி9பி[8], ஜி12பி[8] ஆகியவை. இவற்றில் ஜி9 1990-களின் நடுப்பகுதியிலிருந்தும் ஜி12 2000-க்குப் பின்னரும் பரவலாயின. இப்படிப் புதியவை எழுவதற்குத் துண்டுகளாகிய மரபுப் பொருளே ஒரு முக்கிய காரணம். இரண்டு வகை வைரசுகள் ஒரே குடற்கலத்தில் நுழையும்போது, இரண்டு மலைகளின் கொழுந்து ஒரே வாட்டும் தொட்டியில் கலந்ததைப் போல, இருவகைத் துண்டுகளும் கலந்து புதிய சேர்க்கை பிறந்துவிடும். 2013 முதல் பல நாடுகளில் கண்டறியப்பட்ட ஒரு ஜி3பி[8] வகையின் வி.பி.7 குதிரைகளின் வைரசை ஒத்திருந்தது. உள்ளிருந்த துண்டுகளோ வழக்கமான ஜி3பி[8]-க்கு உரியவையாக இல்லாமல், ஜி2பி[4] குடும்பத்தைச் சார்ந்தவையாக இருந்தன. வெளிப்பெயர் ஒன்றாக இருந்தும் உள்ளே வேறாக இருக்கலாம் என்பதால்தான் இன்று இயன்றவரை 11 துண்டுகளையும் படிக்க முயல்கிறார்கள்.

வயிற்றோட்டம் தரும் இன்னொரு வைரசான நொரோ வைரசின் பெயர் வேறு முறையில் அமைகிறது. 1968-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நோர்வோக் என்ற ஊரின் பாடசாலையொன்றில் பரவிய நோயிலிருந்து இதன் பெயர் வந்தது. இதன் ஆர்.என்.ஏ ஏறத்தாழ 7,500 நியூக்கிளியோட்டைட்டுகள் கொண்ட ஒற்றை இழை. முதலில் மரபுக்குழு, பிறகு வகை, பிறகு அடைப்புக்குள் பொலிமரேஸ் (வைரசின் ஆர்.என்.ஏ-யைப் படியெடுக்கும் நொதியம்) வகை என்ற வரிசையில் எழுதுவார்கள். ஜிஐஐ.4 சிட்னி[பி31] என்றால், இரண்டாம் மரபுக்குழுவின் நான்காம் வகை, 2012-இல் அடையாளம் காணப்பட்ட சிட்னி மாற்றுரு, பொலிமரேஸ் 31-ஆம் வகை என்று பொருள். மரபுக்குழுவின் எண் உரோம எண்ணாக எழுதப்படும். இங்கே வரும் ‘பி’ ரோட்டாவின் ‘பி’ அன்று. இரண்டையும் ஒரே அட்டவணையில் எழுதுவோர் இதில் தடுமாறுவதைப் பல தடவை கண்டிருக்கிறேன்.

அடினோ வைரசில் 40, 41 ஆகிய இரு வகைகளே வயிற்றோட்டத்தோடு உறுதியாகத் தொடர்புடையவை. மலத்தில் வேறு அடினோ வகை கிடைத்தால் அதுவே காரணம் என்று எழுதிவிடக் கூடாது. அஸ்ட்ரோ வைரசுக்கு எட்டு மரபார்ந்த வகைகள் உண்டு. ஜப்பானின் சப்போரோ நகரின் பெயர் பெற்ற சப்போ வைரஸ், நொரோவின் குடும்பத்தைச் சேர்ந்தது.

பிள்ளைக் காம்பிராவில் மாதிரி எடுத்தல்

நோய் தொடங்கிய முதல் இரண்டு மூன்று நாட்களில் எடுத்த மாதிரியே சிறந்தது. அப்போது ரோட்டா வைரஸ் ஒரு கிராம் மலத்தில் ஆயிரம் கோடிக்கு மேலும் இருக்கக்கூடும். நாள் செல்லச் செல்ல எண்ணிக்கை குறைந்து, வைரஸ் இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம், வகையைச் சொல்ல இயலாது என்ற நிலை வந்துவிடும். வைத்தியசாலையில் சேர்க்கப்பட்ட குழந்தையென்றால், சேர்ந்து 48 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். பிந்தினால் வார்ட்டிலே தொற்றியதா, வீட்டிலிருந்து வந்ததா என்று பிரித்தறிய முடியாது.

பெற்றோர் காலைப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) போன பின் குழந்தையின் பகல் முழுவதும் பிள்ளைக் காம்பிராவிலேயே கழிகிறது. மாதிரி கிடைக்கும் இடமும் அதுவே. ஆனால் சம்மதத்தை அங்கே வாங்க முடியாது. முதல் நாள் மாலை லயத்துக்குப் போய், தாயோடும் தகப்பனோடும் உட்கார்ந்து பேசி வாங்க வேண்டும். நாட்கூலியை இழந்து அவர்கள் நமக்காக மலையிலிருந்து இறங்கி வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியன்று. ஆசனவாய்க் குச்சியில் ஒட்டும் சிறு அளவைவிட முழு மலமே வைரஸ் பரிசோதனைக்கு ஏற்றது. கடையில் வாங்கும் டயப்பர் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதால் அதன் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்ரிக் தாளை விரித்துவிட வேண்டும். துணி கட்டும் குழந்தைக்கும் அதையே செய்யலாம். சவர்க்காரத்தில் நனைத்த துணியிலிருந்து எடுக்காதீர்கள். சிறுநீர் கலவாத ஒரு தேக்கரண்டி அளவு மலத்தைத் திருகுமூடிக் குப்பியில் இட்டு இறுக மூடினால் போதும். போர்மலின் போன்ற எதையும் சேர்க்கக் கூடாது, அது மரபுப் பொருளைக் கெடுத்துவிடும். வேலை முடிந்ததும் கையுறையைக் கழற்றிச் சவர்க்காரமிட்டுக் கைகழுவுங்கள். நொரோ வைரசுக்கு அற்ககோல் கைத்திரவம் அவ்வளவாகப் பயன்படாது.

அடுத்து வருவது சீட்டு. என் அனுபவத்தில் மாதிரிகள் அதிகம் பாழாவது ஆய்வுகூடத்தில் அன்று, சீட்டில்தான். ஒரு தடவை பன்னிரண்டு குப்பிகள் பனிக்கட்டிப் பெட்டியில் வந்து சேர்ந்தன. உருகிய நீர் பேனா மையைக் கரைத்துவிட்டதால் பன்னிரண்டில் ஏழின் எழுத்தைப் படிக்க முடியவில்லை. ஏழு குடும்பங்கள் நம்பித் தந்ததை அன்று எறிந்தோம். அந்த நாள் இன்னும் என் மனத்தை உறுத்துகிறது. அதன்பின் பென்சிலால் எழுதி, மேலே ஒட்டுநாடா சுற்றுவதையும், அதே குறியீட்டு எண்ணை மூடியிலும் குப்பியிலும் படிவத்திலும் எழுதுவதையும் வழக்கமாக்கிக்கொண்டோம். தோட்டத்தில் பெரும்பாலான குடும்பங்களுக்குத் தனி முகவரி இல்லை. கடிதம்கூடத் தோட்டத்துப் பெயருக்கே வருகிறது. ஆகவே படிவத்தில் தோட்டம், டிவிஷன், லய இலக்கம், காம்பிரா இலக்கம் நான்கையும் எழுதுங்கள். ஒரே லயத்தில் ஒரே பெயரில் இரண்டு குழந்தைகள் இருப்பது அரிதன்று என்பதால் பிறந்த தேதியும் வேண்டும். குழந்தையின் பெயர் படிவத்தில் மட்டும் இருக்கட்டும், குப்பியில் வேண்டாம்.

படிவத்தில் பலர் விட்டுவிடும் இன்னொரு கேள்வி தடுப்பு மருந்து பற்றியது. ரோட்டா தடுப்பு மருந்தில் உயிருள்ள, வலுவிழந்த வைரஸ் இருப்பதால், அதைக் குடித்த குழந்தையின் மலத்தில் அந்த வைரசே சில நாட்கள் வெளிவரும். ஜி1பி[8] வைரசால் ஆன மருந்தைக் குடித்த குழந்தையிடம் ஜி1பி[8] கிடைத்தால் அது நோயா, மருந்தா என்பதைக் கொடுத்த தேதி இல்லாமல் சொல்ல முடியாது. பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டைப் பார்த்து, மருந்தின் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். தண்ணீர் பீலியிலிருந்தா, குழாயிலிருந்தா என்பதையும், அதே காம்பிராவில் வேறு யாருக்கும் வயிற்றோட்டம் உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மலையிலிருந்து நகரத்துக்கு

மாதிரி 2 முதல் 8 பாகை குளிரில் இருக்க வேண்டும். நுவரெலியாவின் இரவுக் குளிரை நம்பிக் குப்பியை சன்னலோரம் வைக்கலாம் என்று எண்ண வேண்டாம். பகலில் அது போதாது. தடுப்பூசிகள் வைத்திருக்கும் குளிர்சாதனப்பெட்டியில் மலமாதிரியை எக்காரணம் கொண்டும் வைக்கக் கூடாது. வேறு இடமில்லை என்றால் அன்று மாதிரி எடுக்காதீர்கள். குப்பியை ஒரு பிளாஸ்ரிக் உறையிலும், அதை இன்னோர் உறையிலும், நீர் உறிஞ்சும் தாள் சுற்றிப் பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். படிவம் தனி உறையில் இருக்கட்டும். மழைக்காலத்தில் மண்சரிவால் அட்டன், கண்டி வீதி அடைபடும் நாட்கள் உண்டு; பனிக்கட்டியை இரண்டு மடங்காக எடுத்துக்கொண்டு, வார முற்பகுதியில் அனுப்பினால், விடுமுறை நாளில் பூட்டிய கதவின் முன் பெட்டி கிடக்காது. நீண்டகாலம் வைக்க வேண்டியவற்றை மறை 70 (−70) பாகையில் உறைய வைக்க வேண்டும். உறைவதும் உருகுவதும் மாறி மாறி நடந்தால் ஆர்.என்.ஏ சிதைந்துபோகும்.

ஆய்வுகூடத்தில்

மலத்தைத் தாங்கற் கரைசலில் பத்தில் ஒரு பங்காகக் கரைத்து, முதலில் நொதியப் பிறபொருளெதிரிப் பரிசோதனையால் ரோட்டா உண்டா என்று பார்ப்பார்கள். சில நிமிடங்களில் கோடு காட்டும் அட்டைப் பரிசோதனையும் இதே கேள்விக்குத்தான் விடை தருகிறது; அது வகையைச் சொல்லாது.

வகைக்கு ஆர்.என்.ஏ-யைப் பிரித்தெடுத்து, டி.என்.ஏ-யாக மீள்படியெடுத்து, பி.சி.ஆர் முறையில் பெருக்க வேண்டும். ரோட்டாவின் ஆர்.என்.ஏ ஈரிழையாக இறுகியிருப்பதால், முதலில் 95 பாகைக்கு மேல் சில நிமிடம் சூடாக்கி இழைகளைப் பிரித்து, மீண்டும் சேர்ந்துவிடாதபடி உடனே பனிக்கட்டியில் வைக்க வேண்டும். புதியவர்கள் இதைத் தவறவிட்டு, வைரஸே இல்லை என்று முடிவு செய்வதுண்டு. மலத்தில் உள்ள சில பொருட்கள் பி.சி.ஆரைத் தடுப்பதால், பெருகாத மாதிரியைப் பத்து மடங்கு ஐதாக்கி மறுபடி பார்ப்பது நல்ல வழக்கம்.

முதற் சுற்றில் வி.பி.7 மரபணு முழுவதுமாக 1,062 மூலச்சோடி (டி.என்.ஏ ஏணியின் படி) நீளத்தில் பெருகும். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு வகைக்கும் உரிய தொடக்கிகள் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ துண்டுகள்) வெவ்வேறு நீளத் துண்டுகளைத் தருகின்றன. 1990 முதல் பரவலாகப் பயன்பட்ட தொடக்கித் தொகுதியில் ஜி1-க்கு 749, ஜி2-க்கு 652, ஜி4-க்கு 583, ஜி3-க்கு 374, ஜி9-க்கு 306 மூலச்சோடிகள். அவ்வாறே 876 மூலச்சோடி கொண்ட வி.பி.4 பகுதியிலிருந்து பி[4]-க்கு 483, பி[8]-க்கு 345, பி[6]-க்கு 267 கிடைக்கும். துண்டுகளை மின்னோட்டத்தால் நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் பட்டைகள் எங்கே நிற்கின்றன என்று அளவுகோல் பட்டையோடு ஒப்பிட்டுப் படிக்கிறோம். ஒவ்வொரு ஓட்டத்திலும் வெறும் நீர் இட்ட குழி ஒன்று இருக்க வேண்டும். அதில் பட்டை தெரிந்தால், மற்ற முடிவுகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த ஓட்டம் முழுவதையும் ஒதுக்கிவிட வேண்டும்.

பட்டை நீளத்தை மட்டும் நம்புவதில் ஓர் ஆபத்து உண்டு. வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் பழைய தொடக்கி பொருந்தாமல் போகலாம், தவறான இடத்திலும் ஒட்டலாம். ஆகவே ஒரு பகுதி மாதிரிகளிலாவது மரபணுவின் எழுத்து வரிசையை முழுதாகப் படித்துப் பார்க்க வேண்டும். வி.பி.7, வி.பி.4 இரண்டிலும் தெரிந்த வகையோடு 80 சதவீதத்துக்குக் குறையாத ஒற்றுமை இருந்தால் அதே வகையாகக் கொள்வது வழக்கம்.

அறிக்கை கையில் வந்த பின்

இரண்டு ஜி பட்டைகள் தெரிந்தால் கலப்புத் தொற்று என்று எழுதுங்கள். பிடித்த ஒன்றைத் தேர்ந்துகொள்ளக் கூடாது. வகைப்படுத்த இயலாதவற்றைக் கணக்கிலிருந்து நீக்கினால் மற்ற வகைகளின் வீதம் பொய்யாக உயர்ந்துவிடும். இருபது மாதிரிகளை வைத்துச் சதவீதம் சொல்வதைவிட, இருபதில் பதினொன்று என்று எண்ணிக்கையாகச் சொல்வது நேர்மை. வைத்தியசாலை மாதிரிகள் கடுமையாக நோயுற்றவர்களுடையவை. அவற்றைக் கொண்டு மலையகம் முழுவதற்கும் பேசக் கூடாது.

அறிக்கையில் வேறு வகை வந்துவிட்டது, எனவே தடுப்பு மருந்து பயனற்றது என்ற பேச்சு எழும். அது தவறு. ஒரே வகையான ஜி1பி[8] வைரசால் ஆன மருந்தும் மற்ற வகைகளால் வரும் கடும் நோயிலிருந்து குறிப்பிடத்தக்க பாதுகாப்பு தருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2009-இலிருந்து எல்லா நாடுகளுக்கும் இம்மருந்தைப் பரிந்துரைத்து வருகிறது. முதல் மருந்தை ஆறு வாரத்திலிருந்து கொடுக்கலாம். பிள்ளையின் பதிவேட்டு அட்டவணையில் அது இல்லையென்றால், கிளினிக்கில் மருத்துவ மாதுவிடம் கேட்டறியும்படி தாய்மாரிடம் சொல்லுங்கள்.

அறிக்கையின் ஒரு பிரதி சுகாதார வைத்திய அதிகாரிக்கும், ஒரு பிரதி தோட்ட வைத்திய உதவியாளருக்கும் போக வேண்டும். மூன்றாவதை நீங்களே பிள்ளைக் காம்பிராவுக்கு எடுத்துச் செல்லுங்கள். இன்னாருடைய பிள்ளைக்கு இன்ன வைரஸ் என்று பொதுவில் சொல்லாமல், இந்தப் பருவத்தில் இங்கே எந்த வைரஸ் கூடுதலாக இருந்தது என்பதைத் தமிழில் சொல்லிவிட்டு, தன் பிள்ளையின் முடிவை அறிய விரும்பும் தாய்க்கு மட்டும் தனியாகச் சொல்லுங்கள். வகைப்படுத்த இயலாத மாதிரி யாருடையதோ, அவரிடமும் அதை மறைக்காமல் சொல்லி, குப்பியை இன்னும் சில காலம் வைத்திருக்கச் சம்மதமா என்று கேளுங்கள். சம்மதித்தால் அதன் குறியீட்டு எண்ணையும் உறைபெட்டியின் தட்டு எண்ணையும் பதிவேட்டில் எழுதி வையுங்கள். புதிய தொடக்கிகள் வரும்போது முதலில் எடுக்க வேண்டிய குப்பி அதுதான்.